பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூவில் டீ... சிவகாசிக் கரிசலின் ஆவாரம்பூவை யார் குடிக்கலாம், யார் தவிர்க்கணும்?

மார்கழி பிறந்துவிட்டால் சிவகாசி அச்சகங்களுக்குத் தூக்கம் கிடையாது. ஆடி 18 அன்று ஆல்பம் வெளியிட்டுத் தொடங்கும் காலண்டர் வேலை, டிசம்பர் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும். மிஷின் ஓட்டுபவர்கள், தாள் அடுக்குபவர்கள், பண்டல் கட்டுபவர்கள் எல்லோரும் விடிய விடிய விழித்திருக்கும் நாள்கள் இவை. பனி என்றால் ஊட்டிப் பனி இல்லை. அதிகாலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொள்கிற ஊர் இது. வருஷத்தில் பாதி நாள் வெயிலில் வறுபடும் உடம்புக்கு, அதுவே குளிர்தான்.

அந்தக் குளிருக்கு இங்கே டீயும் சுக்குமல்லி காபியும்தான் காலம்காலமாகத் துணை. மல்லிக்கும் மிளகாய்க்கும் பேர்போன விருதுநகர் சந்தை பக்கத்திலேயே இருக்கும்போது சுக்குமல்லிக்கு என்ன குறை? ஆனால் கடந்த சில வருடங்களாக நாட்டு மருந்துக் கடைகளிலும் இயற்கை அங்காடிகளிலும் இன்னொரு பாக்கெட் வந்து உட்கார்ந்திருக்கிறது. காய்ந்த மஞ்சள் பூ. மேலே 'ஆவாரம்பூ டீ' என்று எழுதியிருக்கும். கண்ணாடி டம்ளரில் தங்க நிறத்தில் ஆவி பறக்கும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு, அதை ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்கள் எக்கச்சக்கம்.

வேடிக்கை என்னவென்றால், ஆர்டர் போட்டவரின் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் நடந்தால் அந்தச் செடி நிற்கும். சாத்தூர் பக்கமோ, விருதுநகர் பக்கமோ, கண்மாய்க் கரையிலும் தரிசுக் காட்டிலும் ஐப்பசி, கார்த்திகை மழை குடித்துவிட்டு இப்போது மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது ஆவாரை. போகி அன்று வேப்பிலையோடும் கண்ணுப்பிள்ளையோடும் சேர்த்து வாசலிலும் வயலிலும் காப்புக் கட்டுகிறோமே, அதே பூ!

தோல் பதனிட்ட பட்டை, டீயான பூ

ஆவாரைக்குத் தமிழில் வயசு அதிகம். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் 'ஆவிரை' என்ற பெயரில் இதுவும் இருக்கிறது. தாவரவியலில் 'சென்னா ஆரிகுலேட்டா'. 'ஆரிகுலேட்டா' என்றால் காது உள்ளது என்று பொருள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சின்னக் காது மாதிரி அகலமான செதில் இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் காதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஒரு காலத்தில் இந்தச் செடியின் பூவைவிடப் பட்டைக்குத்தான் மதிப்பு. அதிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளுக்குத் தோலைப் பதனிடும் குணம் உண்டு. தென்னிந்தியத் தோல் தொழிலே ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தது. பிறகு வாட்டில் மரப்பட்டை இறக்குமதியாகி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தழையை வயலுக்கு உரமாக மிதித்தார்கள். வெயிலில் நடக்கிறவர்கள் ஒரு கொத்தை ஒடித்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். காய்ந்த பூவைப் பயறோடு அரைத்த குளியல் பொடி இன்றைக்கும் பல வீடுகளில் உண்டு. ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு ஏது என்று கேட்கும் பழமொழி வந்தது இப்படி உடம்போடும் வயலோடும் ஒட்டிக் கிடந்ததால்தான். இப்போது அந்தப் பழமொழி பாக்கெட்டின் பின்பக்கத்தில் விளம்பர வாசகமாக அச்சாகிறது.

டீயாகக் குடிப்பதும் நமக்குத்தான் புதுசு. இலங்கையில் இதன் பெயர் 'ரணவரா'. வெல்லத்தைக் கடித்துக்கொண்டு ரணவரா குடிப்பது அங்கே ரொம்ப சாதாரணம். ஆங்கிலப் புத்தகங்களில் இந்தச் செடிக்கு 'மாத்தறைத் தேயிலை' என்றே ஒரு பெயர் உண்டு. மாத்தறை, இலங்கையின் தென்கோடி ஊர். உலகமே சிலோன் டீ குடித்துக்கொண்டிருக்க, அந்தத் தீவின் வீடுகளில் இந்தத் தரிசுச் செடியும் தனியாக ஒரு டீயாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சின்னச் செய்தி. பாக்கெட்டில் 'டீ' என்று போடுவதே இனி சிக்கல்தான். கேமெல்லியா சைனென்சிஸ் என்ற தேயிலைச் செடியிலிருந்து வருவதை மட்டுமே டீ என்று சொல்லி விற்கலாம், மூலிகை, பூ பானங்களுக்கு அந்தப் பெயர் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. சட்டம் அப்படி. வாய் பழகியதால் இந்தக் கட்டுரையிலும் அது டீதான்!

எப்படிப் போடுவது?

பூவைக் காலையில் பறிப்பது நல்லது. வெயில் ஏறினால் வாடிவிடும். ஒரு ஆளுக்கு எட்டு முதல் பத்துப் பூ போதும். காம்பையும் பச்சைப் பகுதியையும் கிள்ளி எறிந்துவிட்டு, இரண்டு தண்ணீரில் அலச வேண்டும். பூவுக்குள் எறும்பு குடியிருக்கும், பார்த்து அலசுங்கள். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் வைத்து, கொதி வந்ததும் பூவைப் போட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். தட்டுப் போட்டு மூடி ஐந்து நிமிடம். வடிகட்டினால் வெளிறிய தங்க நிறம். காய்ந்த பூ என்றால் ஒரு டீஸ்பூன்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பால் டீ பழக்கத்தில் பூவைப் போட்டு பத்து நிமிடம் கொதிக்க விடுகிறார்கள். தோலைப் பதனிட்ட அந்தத் துவர்ப்பு மொத்தமாக இறங்கி, வாய்க்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல்நாளே இப்படிக் குடித்தவர் இரண்டாம் நாள் பாக்கெட்டைத் தொட மாட்டார். சரியாகப் போட்டால் லேசான துவர்ப்பு, வைக்கோல் மாதிரி ஒரு காய்ந்த வாசம், அவ்வளவுதான். மல்லிகை டீ அளவுக்கு மணக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சுக்குத் தூள் ஒரு சிட்டிகையும் தட்டிய மிளகு இரண்டும் சேர்த்தால் நம் ஊர் நாக்குக்குப் பிடித்துப்போகும். பால் வேண்டாம், நன்றாக இருக்காது.

கருப்பட்டி போட்டால் ருசி தனி. ஆனால், சர்க்கரை நோய்க்காக ஆவாரம்பூ டீ குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அதில் கருப்பட்டியைத் தட்டிப் போடுகிறவர்களை என்ன சொல்ல? கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான்.

உலர்த்துவதாக இருந்தால் நிழலில், வெள்ளைத் துணி மேல் பரப்பி நான்கைந்து நாள். மழை ஈரம் விலகாத மார்கழியில் அரைகுறையாகக் காய்ந்த பூவை டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததைத் தட்டிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது, கொட்டிவிட வேண்டும்.

எங்கே பறிப்பது, எதைப் பறிப்பது?

சிவகாசி வட்டாரத்தில் இது முக்கியமான கேள்வி. ரோட்டோரச் செடிதான் கைக்கு எட்டும். ஆனால், லாரிப் புகையும் தூசியும் படிந்த பூவை இரண்டு தண்ணீரில் அலசினால் போய்விடாது. பட்டாசுக் கழிவை எரிக்கும் இடங்கள், ஆலைகளின் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரம் ஆகியவற்றில் வளர்ந்ததைத் தொடவே வேண்டாம். பட்டாசுக்கு நிறம் கொடுப்பவை உலோக உப்புகள். மண்ணில் தேங்கியதைச் செடி உறிஞ்சும். ஊரைத் தாண்டி உள்ளே, ஆடு மேயும் தரிசில் நிற்கும் செடிதான் சரி. பூச்சிமருந்து அடிக்கும் பருத்திக் காட்டு வரப்பையும் தவிர்த்துவிடலாம்.

'சதுரகிரி மூலிகை' என்று போட்டு விற்றால் கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சதுரகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் வனப்பகுதிக்குள் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதி இல்லாமல் செடி கொடி பறிக்க முடியாது. அதோடு, ஆவாரை மலையேறித் தேட வேண்டிய மூலிகையும் கிடையாது.

அடுத்தது, ஆள்மாறாட்டம். மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை ஆகிவிடாது. அதே குடும்பத்தில் 'சென்னா ஆக்சிடென்டாலிஸ்' என்று ஒரு செடி உண்டு. பேயாவாரை, பொன்னாவாரை என்று ஊருக்கொரு பெயர். அதன் விதையைத் தின்ற குழந்தைகளுக்குக் கல்லீரல், தசை, மூளை மூன்றும் பாதிக்கப்பட்டு உயிரே போயிருக்கிறது. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் வருடாவருடம் குளிர்காலத்தில் குழந்தைகளைக் கொன்ற மர்மக் காய்ச்சலுக்குக் காரணம் இந்த விதைதான் என்று 2007 வாக்கில் மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்கு இலைகள் நான்கைந்து ஜோடிதான் இருக்கும், நுனி கூராக இருக்கும், கசக்கினால் நாறும். ஆவாரையின் இலைகள் சின்னச் சின்னதாகப் பத்து ஜோடி வரை, நுனி மழுங்கியது, காய் தட்டையாக, காகிதம் மாதிரி. சந்தேகமாக இருந்தால் அந்தக் 'காது' இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு மஞ்சள் பூவான மஞ்சள் அரளி, இதயத்தையே நிறுத்தக்கூடிய விஷம். புனல் மாதிரியான அந்தப் பூவை நம் ஊரில் தெரியாதவர்கள் குறைவு. இருந்தாலும், பிள்ளைகளைப் பூப்பறிக்க அனுப்பும்போது ஒரு தடவை காட்டிக்கொடுத்துவிடுவது நல்லது.

சர்க்கரைக்கு இது மருந்தா?

ஆவாரம்பூ பாக்கெட் வாங்குகிற பாதிப்பேர் பனிக்காக வாங்குவதில்லை. சுகருக்காக வாங்குகிறார்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது. ஒரு தெருவில் நாலு வீடு தள்ளினால் ஒரு மாத்திரை அட்டை கிடைக்கும் என்ற நிலைமை. அந்த நாலாவது வீட்டில், 'பூவிலேயே சரியாகிடுமாம்' என்று யாரோ ஒருவர் சொல்லி, மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. விஷயம் விபரீதமாவது அங்கேதான்.

முதலில், பூவுக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். சித்த மருத்துவத்தில் மதுமேகத்துக்கு ஆவாரைக் குடிநீர் கொடுப்பது உண்மை. ஆனால், அதில் ஆவாரை தனியாக இல்லை. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம்பட்டை, கோரைக்கிழங்கு, கோஷ்டம் ஆகியவையும் சேரும். வைத்தியர் நாடி பார்த்து, அளவு சொல்லி, காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் கஷாயம் அது. நிலவேம்புக் குடிநீரும் இப்படித்தான். 2012-ல் டெங்கு பரவியபோது ஊரெல்லாம் கொடுத்தார்களே, அதில் நிலவேம்போடு வேறு எட்டுப் பொருள் இருக்கிறது. பத்துப் பூவை வெந்நீரில் போட்டு எடுத்த டீயும் அந்தக் கஷாயமும் ஒன்றில்லை.

நவீன ஆய்வும் நடந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஆவாரம்பூச் சாறு கொடுத்த சர்க்கரை நோய் எலிகளுக்கு ரத்தச் சர்க்கரை குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அவை எலிகள். கொடுத்தது, உடல் எடைக்குத் தக்க அளந்த சாறு. மார்கழிக் காலையில் ஒரு டம்ளர் டீ குடிக்கும் மனிதருக்கு எவ்வளவு குறையும் என்று அதிலிருந்து கணக்குப் போட முடியாது.

மாத்திரையை 'கெமிக்கல்' என்றும் பூவை 'இயற்கை' என்றும் பிரித்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். உலகத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு முதலில் எழுதும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகமும் ஒரு பூச்செடிதான். ஐரோப்பியக் கிராமங்களில் நாட்டு மருந்தாக இருந்த 'கலேகா' என்ற செடியிலிருந்த பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்து, அதன் நச்சைக் குறைத்த வடிவமாக உருவாக்கியதுதான் மெட்ஃபார்மின். 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். அந்தச் செடி அளந்து, சோதித்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டு மாத்திரையானது. ஆவாரை இன்னும் அந்தப் பாதையின் ஆரம்பத்தில்தான் நிற்கிறது.

எதிர்ப்பக்க ஆபத்தும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தாமல், கூடவே இதையும் மூன்று வேளை குடித்தால்? இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். வீட்டில் இப்படி ஆனால் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு சமாளித்துவிடலாம். காலையில் சாப்பிடாமல் கிளம்பி, பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இப்படி ஆனால்? உரசலுக்கே பயப்படும் இடத்தில், ஒருவர் கை நடுங்குவது பக்கத்து அறைக்கும் ஆபத்து. இரவு ஷிஃப்ட்டில் கட்டிங் மிஷினுக்கு முன்னால் நிற்பவருக்கும் இதே கதைதான்.

'சர்க்கரை நோய் குணமாகும்' என்று அச்சடித்து விற்பதே குற்றம் என்பதும் பலருக்குத் தெரியாது. 1954-ம் வருட மருந்து மற்றும் மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. அப்படி எழுதிய பாக்கெட்டைக் கண்டால், உள்ளே இருக்கும் பூவைவிட விற்பவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

யாருக்கு வேண்டாம்?

தினமும் ரணவரா குடிக்கும் இலங்கைதான் இந்தச் செடியின் இன்னொரு பக்கத்தையும் தேடிப் பார்த்தது. 1981-ல் அங்கே நடந்த ஆய்வு ஒன்று, கல்லீரலைப் பாதிக்கக்கூடிய பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற பொருள் ஆவாரையிலும் இருப்பதாகச் சொன்னது. 2004-ல் வெளியான இன்னொரு ஆய்வில், வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமாஸிபைன் மருந்தோடு ஆவாரை டீயும் கொடுத்த எலிகளின் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கிட்டத்தட்டப் பாதிப் பங்கு கூடியிருந்தது. அதே ஆய்வில் முடக்கத்தான் டீ கொடுத்த எலிகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, மூலிகை என்ற ஒரே பெயருக்குள் ஒவ்வொரு செடியின் குணமும் வேறு.

இதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் குடித்ததற்கே பதற வேண்டியதில்லை. ஆனால் வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் அம்மாக்களும், சின்னக் குழந்தைகளும் கூடத்தான். ரத்தசோகை இருக்கும் பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. டானின், உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். இது பால் டீக்கும் பொருந்தும், என்ன, நாம்தான் கேட்பதில்லை.

மற்றவர்கள் நாளுக்கு ஒரு டம்ளர், வாரத்தில் சில நாள் என்று குடித்துப் பார்க்கலாம். வயிறு இளகினால் நிறுத்திவிட வேண்டும். நிலாவரை குடும்பத்துச் செடி, அதனால் சிலருக்கு அந்தக் குணமும் காட்டும். சுகர் உள்ளவர்கள் ஆசைப்பட்டால், அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவிலோ வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ, எந்த மாத்திரை எடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டுவிடலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்பவர்களிடம்கூட இதைச் சொல்லலாம். சொல்ல வெட்கப்பட்டு மறைப்பதுதான் தப்பு.

அதே அலமாரியில் இன்னும் சில பூக்கள்

ஆவாரம்பூவுக்குப் பக்கத்திலேயே சங்குப்பூவும் செம்பருத்தியும் இருக்கும். சங்குப்பூ டீ பார்க்கத்தான் அழகு. நீலமாக இருப்பதில் எலுமிச்சை பிழிந்தால் கண் முன்னாலேயே ஊதாவாக மாறும். ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்பைக் கண்டால் நிறம் மாறும் கதை அது. வானத்தில் நிறம் காட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஊருக்குப் பிடிக்கத்தான் செய்யும். ருசி என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை.

செம்பருத்தியில் ஒரு குழப்பம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று உலகம் முழுக்கப் பேசும் 'ஹைபிஸ்கஸ் டீ', நம் வீட்டு வாசல் செம்பருத்தி இல்லை. அது ரோசெல் என்ற, புளிச்சக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி. அதில் டீ போடுவதும் பூவின் இதழை வைத்து இல்லை, பூவைத் தாங்கும் சிவந்த புறவிதழை வைத்துத்தான். புளிப்பாக இருப்பதும் அதனால்தான். வாசல் செம்பருத்தியைக் கொதிக்க வைத்துவிட்டு, 'புளிப்பே இல்லையே' என்று யோசிக்க வேண்டாம்.

போகி நெருங்கும்போது காப்புக் கட்டுப் பூ சந்தைக்குக் கட்டுக்கட்டாக வந்து குவியும். ஆவாரை, கண்ணுப்பிள்ளை, வேப்பிலை மூன்றும் சேர்ந்த கட்டு. வாசலில் கட்டியது போக மிஞ்சும் பூவை டீயில் போட்டால் என்ன என்று தோன்றும். எங்கே ஒடித்தது, எத்தனை நாள் ஆனது, எந்தத் தண்ணீர் தெளித்தது என்பது தெரியாத பூ அது. அதை நிலையில் செருகிவிட்டு, டீக்கு வேண்டியதை மறுநாள் விடிகாலையில் காட்டுப் பக்கம் போய்ச் செடியிலிருந்தே பறித்துக்கொள்ளலாம். தை முழுக்கப் பூத்துக்கொண்டுதான் இருக்கும்.